மேசையைக் கவிழ்த்தும் ஒரு படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மைக் காலமாக மர அறைகலன்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஓரம் சீவாத ஒற்றைப் பலகை மேசை, அடிமரத்தைக் குறுக்கே அறுத்துச் செய்த வட்ட முக்காலி, நடுவில் எபாக்ஸி (கண்ணாடிபோல் இறுகும் பசை) ஊற்றி ஆறு ஓடுவதுபோல் காட்டும் சாப்பாட்டு மேசை, உட்காரவும் முடிகிற சிற்பம் என்று பலவற்றைப் பார்த்தோம். மரவேலையை நாளிதழில் பார்ப்பதே எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் எல்லாமே மேலிருந்து எடுத்த படங்கள். எழுத்தும் அப்படியே இருக்கிறது. வடிவமைத்தவர் பெயர் வருகிறது, பளபளப்பு வருகிறது, விலை வருகிறது. அது என்ன மரம், எப்போது அறுத்தது, எத்தனை மாதம் காய்ந்தது, மேசைக் கால்களை எப்படிப் பூட்டினார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. இந்தக் கலையின் பாதி அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது. அது தெரியாமல் வாங்கியவர் ஆறு மாதம் கழித்து வெடித்த பலகையைத் தடவிப் பார்த்து, "மரம் சரியில்லை" என்கிறார். பெரும்பாலும் மரத்தின்மேல் குற்றம் இருப்பதில்லை.

தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தில் 8 அடி நீளம், 3 அடி அகலம், 3 அங்குல கனத்தில் ஒரு பலகை அறுத்தால் அது 6 கன அடி. அன்றைக்கு வெட்டிய மரமென்றால், முழுக்கக் காய்ந்த எடையில் 80 சதவீத அளவுக்குக்கூட அதில் நீர் இருக்கலாம். அதை 12 சதவீதத்துக்குக் கொண்டுவர 55 முதல் 60 லிட்டர் தண்ணீர் அந்த ஒரே பலகையை விட்டு வெளியேற வேண்டும். மூன்று குடத்துக்கு மேல். அது அவசரப்பட்டு வெளியேறினால் வெடிப்பு, ஒரு பக்கமாக வெளியேறினால் கோணல், வெளியேறாமல் உள்ளேயே நின்றால் பூஞ்சணமும் உளுப்பும்.

மரம் முதலில் விடும் நீர் அதன் குழல்களில் நிற்கும் நீர். அது போகும்போது பலகையின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகு நார்ச் சுவருக்குள் இருக்கும் நீர் கிளம்பத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. நீளவாக்கில் மரம் சுருங்குவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு என்றால், ஆண்டு வளையத்தைச் சுற்றிய திசையில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. பச்சை மரம் ஈரமே இல்லாத நிலைக்குப் போகும்போது தேக்கு வளையத் திசையில் 5.3 சதவீதமும் ஆரத் திசையில் 2.6 சதவீதமும் சுருங்கும். மாமரம் 5.5, 3.6. தூங்குமூஞ்சி 3.4, 2.0 மட்டுமே. சாலையோரத்தில் நிழலுக்கு வைத்த மரம், அடுப்புக்கும் பெட்டிக்கும் போகிற மரம் என்று நாம் கழித்து வைத்திருப்பது தேக்கைவிடக் குறைவாக அசைகிறது. ஹவாய்த் தீவில் இதே மரத்தை மங்கிபாட் என்ற பெயரில் கடைந்து, தட்டும் கிண்ணமுமாகத் தலைமுறைகளாக விற்கிறார்கள். நம் ஊர்ப் பூவரசும் அங்கே மிலோ என்ற பெயரில் கடைசலுக்கு உயர்ந்த மரம்.

வட்ட முக்காலி ஏன் கட்டாயம் வெடிக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். 90 செ.மீ. குறுக்களவுள்ள தூங்குமூஞ்சி வட்டின் சுற்றளவு 283 செ.மீ. பச்சையிலிருந்து 12 சதவீத ஈரத்துக்கு வரும்போது ஆரம் சுருங்குவதைவிடச் சுற்றளவு ஏறக்குறைய 0.8 சதவீதம் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். அந்த வட்டை மூட அத்தனை மரம் சுற்றில் மிஞ்சாது. விளிம்பில் 2 செ.மீ.க்கு மேல் பற்றாக்குறை விழும். அந்தப் பற்றாக்குறைதான் மையத்திலிருந்து பட்டைவரை வாய் பிளக்கும் விரிசல். தேக்கு வட்டானால் அதே இடத்தில் 4 செ.மீ.க்கு மேல். மெழுகு பூசினாலும், இரும்புப் பட்டை கட்டினாலும், எண்ணெயில் ஊறவைத்தாலும் இந்தக் கணக்கு அழியாது. பட்டை கட்டினால் ஒரு பெரிய விரிசலுக்குப் பதிலாகப் பத்துச் சிறிய விரிசல் வரும். செய்யக்கூடியது ஒன்று உண்டு. பச்சையாக இருக்கும்போதே நாமே ஒரு பக்கம் பட்டையிலிருந்து மையம்வரை ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டுவிட வேண்டும். மரம் அந்த இடத்திலேயே திறந்துகொள்ளும். முழுக்கக் காய்ந்தபின் அந்த வாய்க்கு ஏற்ற ஆப்பை வேறு நிற மரத்தில் சீவி ஒட்டினால் அதுவே அழகு. ஜப்பானியத் தச்சர்கள் முழுமரத் தூணில் சுவர்ப் பக்கம் மறையும் முகத்தில் மையம்வரை நீளவாக்கில் ஒரு வெட்டுப் போடுவதும் இதற்காகத்தான்.

சிற்பிகள் இதை வேறு வழியாகத் தீர்த்திருக்கிறார்கள். மரச்சிலையின் முதுகைக் குடைந்து மையத்தை எடுத்துவிட்டால், எஞ்சும் ஓடு நிம்மதியாகச் சுருங்க இடம் கிடைக்கிறது. ஜெர்மனியில் ரீமன்ஷ்னைடர் லிண்டன் மரச் சிலைகளின் முதுகைக் குடைந்தார். ஜப்பானில் 1053இல் ஜோச்சோ செய்த பியோதோ-இன் கோயிலின் அமிதா புத்தர் சிலை பல கட்டைகளை உள்ளே குடைந்து இணைத்தது. நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே கட்டையில் செதுக்குவது அந்த ஊரின் பெருமை. ஒரே கட்டையில் செய்கிறவருக்கு மையத்தை எங்கே வைப்பது என்பதே முதல் முடிவு. மையம் சிலையின் முகத்தில் வந்தால் மூக்கிலிருந்து நெற்றிவரை கோடு விழும். கட்டையை நெடுக்கில் பிளந்து, மையம் கட்டைக்கு வெளியே போகும்படி பாதியை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வாகையில் வேலை செய்கிறவர்கள் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அதன் தூள் தும்மலை நிறுத்தவிடாது.

இப்போது உலகில் பெயர்பெற்ற மரக் கலைஞர்கள் பக்கம் வருகிறோம். அவர்கள் ஒவ்வொருவரின் வடிவமும் இந்த நீருக்குச் சொன்ன ஒரு பதில் என்று பார்த்தால்தான் அந்த வேலைகள் புரியும்.

வேல்ஸ் நாட்டில் பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்ற ஊரில், 1968இல் வாங்கிய ஒரு பழைய தேவாலயத்தில் வேலை செய்கிறவர் டேவிட் நாஷ். மரம் அசையட்டும் என்று விட்டுவிட்டவர். பச்சை மரத்தூணை எடுத்து, நடுவில் ஒரு தண்டை மட்டும் மிச்சம் வைத்து, மேலிருந்து கீழ்வரை மோட்டார் ரம்பத்தால் நெருக்கமாகக் கிடைவெட்டுகள் போடுகிறார். அறுத்து முடித்த அன்று அது இட்லித் தட்டு அடுக்கியது போன்ற நேர்த்தியான தூண். காயக் காய ஒவ்வொரு தட்டின் ஓரமும் தன் போக்கில் வளைந்து, வெடித்து, மேலும் கீழுமாகத் திரும்பிக்கொள்ளும். சிற்பத்தின் கடைசி வேலையைக் காற்று செய்கிறது. நாம் தோல்வி என்று மறைக்கிற விரிசல் அங்கே வடிவமாகிறது. ஆனால் இது கண்மூடித்தனமாக விடுவதல்ல. தட்டு மெல்லியதாக இருந்தால் வளையும், தடித்திருந்தால் பிளக்கும். எது எங்கே வேண்டும் என்று தெரிந்துதான் வெட்டுகளின் இடைவெளியை வைக்க முடியும்.

ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் காம்பெர்ல் அதே காரியத்தைக் கடைசலில் செய்கிறார். 2017இல் லோயவே கைவினைப் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர். புயலில் சாய்ந்த ஒரு ஓக் மரத்திலிருந்து கடைந்த பெரிய கலங்களின் வரிசையில் ஒன்றுக்கு அந்தப் பரிசு. பச்சை மரத்தையே மெல்லிய சுவராகக் கடைந்துவிடுகிறார். அது காயும்போது வாய் நீள்வட்டமாகும், விளிம்பு அலைபோல் எழும். கடைசல் பட்டறை வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. பச்சை மரம் வெண்ணெய்போல் சீவும், உளி சூடேறாது, தூள் பறக்காது. இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, ஒரே அமர்வில் சுவரை 3 முதல் 5 மி.மீ.வரை கடைந்து முடித்துவிட்டு வளையட்டும் என்று வைத்துவிடுவது. மற்றது, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. சுவர் விட்டு, முரட்டாகக் கடைந்து, மரத்தூள் நிறைத்த சாக்கில் போட்டுச் சில மாதம் கழித்து மறுபடி கடைந்து வட்டமாக்குவது. இரண்டிலும் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். அடிப்பகுதியைத் தடியாக விட்டுவிட்டுச் சுவரை மட்டும் மெலிதாக்கியதால் வெடித்த கிண்ணங்களே அதிகம். மையம் கிண்ணத்தின் அடியில் நிற்கவும் கூடாது. ஒரு நாள் வேலையைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போனால் ஈரத்துணி சுற்றிவிட்டுப் போக வேண்டும். கோடையில் ஒரு மணி நேரம் போதும், விளிம்பில் மயிரிழைக் கீறல் வந்துவிடும்.

ஜார்ஜ் நகாஷிமாவைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குக் கூடுதலாகச் சொல்ல உரிமை இருக்கிறது. இன்று ஊரெங்கும் விற்கும் ஓரம் சீவாத பலகை மேசையின் மூதாதை இவருடைய மேசை. 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர், படித்தது கட்டடக் கலை. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தின் சார்பில் 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதிக் கட்டுமானத்தை நேரில் நின்று நடத்தினார். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர். பிறகு அமெரிக்கா திரும்பி, போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சத்தவரை அடைத்துவைத்த மினிடோக்கா முகாமில் இருந்தபோது, அங்கிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் கைக்கருவி வேலையை ஆழமாகக் கற்றார். வெளிவந்து பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். 1990இல் அவர் மறைந்தபின் மகள் மீரா அதை நடத்துகிறார். நியூயார்க்கின் செயின்ட் ஜான் பேராலயத்தில் 1986இல் நிறுவிய அமைதிப் பீடத்தின் தொடர்ச்சியாக, 1996இல் ஆரோவில்லிலும் ஓர் அமைதி மேசை வந்து சேர்ந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பேருந்து ஏறினால் பார்த்துவிடலாம்.

நகாஷிமாவின் மேசையில் எல்லாரும் படமெடுப்பது விரிசலின் குறுக்கே பதித்த உடுக்கை வடிவக் கட்டையை. அதை அலங்காரமாக நினைத்து நகலெடுக்கிறார்கள். அது பூட்டு. உடுக்கைக் கட்டையின் இழை, அதாவது நார் ஓடும் திசை, விரிசலுக்குக் குறுக்காக, கட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். இழை மாறினால் இடுப்பில் பட்டென்று ஒடியும். பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆழம் வேண்டும். பாதி இருந்தால் நல்லது. பலகையைவிட மென்மையான மரத்தில் செய்யக் கூடாது. முதலில் கட்டையைச் செய்து, அதை விரிசலின்மேல் வைத்துக் கத்திமுனையால் கோடு போட்டு, கோட்டுக்கு உட்பக்கமாகவே குழியைத் தோண்ட வேண்டும். பென்சில் கோடு போட்டால் அந்தக் கோட்டின் கனமே இடைவெளியாகிவிடும். கட்டையின் கீழ்விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் அடிக்கும்போது இறுகும். இத்தனையும் சரியாகச் செய்தாலும், பலகை காயாமல் இருந்தால் உடுக்கை பிடித்த இடத்துக்கு அருகிலேயே புது விரிசல் திறக்கும். உடுக்கை காய்ந்த மரத்தின் விரிசலை நிறுத்தும். காய்கிற மரத்தை நிறுத்த அதனால் முடியாது. நகாஷிமா பட்டறையில் ஒரு மரத்தின் பலகைகளை அறுத்த வரிசை கலையாமல் அடுக்கி, காற்றில் நெடுநாள் உலர்த்தி, பிறகு சூளையில் உலர்த்துவார்கள். உடுக்கைக்கு முன்னால் நடக்கும் வேலை அது. நகல்களில் விடுபடுவதும் அதுதான்.

இன்னொரு வழி, மரத்தைத் துண்டாக்கி ஒட்டி நமக்கு வேண்டிய உருவத்தைக் கட்டுவது. அமெரிக்காவின் வெண்டல் காஸில் 1960களிலிருந்து பலகைகளை உருவத்துக்கு ஏற்றபடி அடுக்கடுக்காக ஒட்டி, பிறகு மோட்டார் ரம்பமும் உளியும் கொண்டு குடைந்து நாற்காலி செய்தார். 2018இல் மறையும்வரை வேலை செய்தவர், கடைசிக் காலத்தில் இயந்திரக் கையையும் பழக்கினார். இந்த முறையில் வடிவத்துக்கு மரத்தின் பருமன் தடையில்லை. ஒவ்வொரு பலகையும் தனித்தனியே காய்ந்திருப்பதால் உள்ளே ஈரம் சிறைப்படாது. ஆனால் எல்லாப் பலகையின் இழையும் ஒரே திசையில் ஓட வேண்டும். அழகுக்காக ஒன்றை நெடுக்கிலும் ஒன்றைக் குறுக்கிலும் அடுக்கினால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போதும், ஒட்டு பிளந்துவிடும். அடுக்குகளுக்குள் ஈர வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் போனாலும் இழைத்து வழவழவென்று விட்ட இடத்தில் பின்னர் படிப்படியாகக் கைக்குத் தட்டுப்படும்.

அயர்லாந்தின் ஜோசப் வால்ஷ் அதையே மெல்லிய சீவல்களாகச் செய்கிறார். ஆஷ் மரச் சீவல்களைக் கொடிபோல் வளைத்து ஒட்டி, அந்தக் கொடியே காலாகவும் பலகையாகவும் ஓடும்படி அவர் செய்யும் எனிக்னம் வரிசை இன்று பலரும் நகலெடுக்கப் பார்ப்பது. வளைத்து ஒட்டும் வேலையில் சீவல் 1.5 முதல் 3 மி.மீ. இருந்தால் போதும். வளைவு இறுக இறுகக் கனம் குறைய வேண்டும். பச்சையாகச் சீவியதை அப்படியே ஒட்டக் கூடாது. சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் மெல்ல நழுவும், வளைவு நாளடைவில் நிமிரும். எபாக்ஸியோ யூரியா பசையோதான் வளைவைப் பிடித்து நிறுத்தும். அச்சிலிருந்து எடுத்ததும் சற்று விரியும் என்பதால் அச்சையே வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகச் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவின் சாம் மாலூஃப் தம் ஆடும் நாற்காலியின் அடியில் வளைந்து நிற்கும் கட்டையை இப்படித்தான் மெல்லிய பட்டைகளை ஒட்டிச் செய்தார். ஒரே பலகையிலிருந்து அந்த வளைவை அறுத்திருந்தால் இழை நடுவில் குறுக்காக வெட்டுப்பட்டு, ஆள் உட்கார்ந்ததும் அந்த இடத்தில் ஒடிந்திருக்கும். நம் கடைகளில் கைவளைவு ஒடிந்த நாற்காலியைப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் இழை எப்போதும் குறுக்காக ஓடியிருக்கும்.

சரி, தூங்குமூஞ்சிப் பலகையை இங்கே எப்படிக் காயவைப்பது? வெட்டிய அன்றே இரண்டு வெட்டு முனைகளுக்கும் மெழுகோ கெட்டிப் பெயின்டோ இரண்டு கை பூச வேண்டும். முகத்தைவிட வெட்டு முனை பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஈரம் விடும். முனை வெடிப்பெல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. முடிந்த கனம் 2 அங்குலம் வேண்டுமானால் 2¾ அல்லது 3 அங்குலமாக அறுக்க வேண்டும். காயும்போது கொஞ்சம் கோணும், அதை இழைத்து எடுக்க மரம் வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மட்டம் பார்த்துச் சமன்செய்த தாங்கிகள்மேல் அடுக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஓர் அங்குல ரீப்பர் (சிறு மரச் சட்டம்), ஒன்றரை அடிக்கு ஒன்று. ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று தள்ளிப்போனாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்தே காயும், பிறகு நிமிர்த்த முடியாது. ரீப்பர் காய்ந்த மரமாக இருக்க வேண்டும், ஈர ரீப்பர் பலகையில் கறுப்புக் கோடு விடும். அடுக்கின் உச்சியில் கல் பாரம் ஏற்றுங்கள். மேலே கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஆனி, ஆடிக் காற்று நேராக அடிக்கும் பக்கத்தைச் சாக்கு கட்டி மறைக்க வேண்டும். அந்தக் காற்று மேல்தோலை மட்டும் காயவைத்து இறுக்கிவிடும். உள்ளே ஈரம், வெளியே ஓடு. அப்படிக் காய்ந்த பலகையை இழைத்தால் இழைக்க இழைக்க வளையும்.

எவ்வளவு காலம் என்பதற்கு ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்ற பொதுக் கணக்கு குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலில் அதைவிடச் சீக்கிரம் காயும். ஆனால் நாள்காட்டியை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். ஒரு பலகையை மாதம் ஒருமுறை எடை போட்டுப் பலகையிலேயே எழுதி வையுங்கள். மூன்று மாதம் எடை இறங்காமல் நின்றால் அது அந்த இடத்துக்குக் காய்ந்துவிட்டது. ஈரம் எத்தனை சதவீதம் என்று அறிய, முனையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுத்து, உடனே எடை போட்டு, 103 பாகை செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைக்க வேண்டும். 250 கிராம் துண்டு 200 கிராமில் நின்றால், போன 50 கிராமை 200ஆல் வகுத்தால் 25 சதவீதம். இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மீட்டர் மேல்தோலின் ஈரத்தைத்தான் சொல்லும். அதில் 12 என்று காட்டிய பலகையின் வயிற்றில் 25 இருப்பது வழக்கமான ஒன்று.

இதோடு வேலை முடிவதில்லை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கொட்டகையில் எவ்வளவு நாள் வைத்தாலும் பலகை 14, 16 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அந்தக் காற்றின் ஈரம் அவ்வளவு. அதை வாங்கிக் குளிரூட்டிய அறையில் வைத்தால் மரம் 9 சதவீதத்துக்கு இறங்கப் பார்க்கும். 3 அடி அகலத் தூங்குமூஞ்சிப் பலகை அதில் ஏறக்குறைய 7 மி.மீ. ஒடுங்கும். தேக்கோ மாமரமோ என்றால் 11 மி.மீ. மேசை வெடிப்பதும் வெடிக்காததும் இந்த 7 மி.மீ.க்கு யாராவது வழி விட்டார்களா என்பதில் இருக்கிறது. அடியில் வைத்த இரும்புச் சட்டத்தில் வட்டத் துளை போட்டு ஆணி முடுக்கியிருந்தால் பலகை ஒடுங்க முடியாது, பிளக்கும். இழைக்குக் குறுக்கு வாக்கில் 10 மி.மீ. நீளும் நீள்துளை போட்டு, வாஷர் வைத்து, கையால் இறுக்கும் அளவுக்கே முடுக்கியிருந்தால் பலகை ஆணியோடு சேர்ந்து நகரும். நடு ஆணியை மட்டும் வட்டத் துளையில் போடலாம், அப்போது இரண்டு பக்கமும் சமமாக ஒடுங்கும். பட்டறையில் அரை மணி நேர வேலை. மேலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படவே படாது.

பாலிஷும் அப்படித்தான். மேல்முகத்துக்கு ஐந்து கை மெலமைன் அடித்துவிட்டு அடிமுகத்தை வெறுமனே விட்டால் இரண்டு முகமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் குடிக்கும். பலகை தட்டுபோல் குழியும். மேலே எத்தனை கையோ கீழேயும் அத்தனை கை.

எபாக்ஸி ஆற்று மேசை பற்றி ஒரு வார்த்தை. 12 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள மரத்தில் எபாக்ஸி ஊற்றினால், இறுகும்போது கிளம்பும் சூட்டில் ஈரம் குமிழாக எழும். பிறகு மரம் சுருங்கும், எபாக்ஸி சுருங்காது, கரையோரம் நூல்போல் பிரியும். பட்டையை எடுக்காமல் ஊற்றினால் எபாக்ஸி பட்டையைப் பிடித்துக்கொள்ளும், பட்டை மரத்தை விட்டுவிடும். ஒரே தடவையில் ஆழமாக ஊற்றினால் சூடு ஏறி மஞ்சளித்துப் பிளக்கும். காய்ந்த மரத்தில் பட்டையைச் சுரண்டி, அந்த எபாக்ஸி வகைக்குச் சொன்ன ஆழத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காக ஊற்றினால் அது நல்ல வேலையே. எங்களுக்கு எபாக்ஸி மேல் வழக்கில்லை, காயாத மரத்தை மூடி மறைக்க அதைப் பயன்படுத்துவதன்மேல்தான் வழக்கு.

பூச்சியையும் விட முடியாது. ஓரம் சீவாத மேசையின் அழகே பட்டையை ஒட்டிய அந்த வெள்ளை ஓரம். மாவுபோல் தூள் கொட்டும் உளுப்பு வண்டு தேடி வருவதும் அதே வெள்ளையைத்தான், அதில் மாவுச்சத்து இருப்பதால். முன்பு மரத்தை மாதக் கணக்கில் குளத்தில் ஊறப்போட்ட பழக்கத்துக்குக் காரணம் அந்தச் சத்து கரைந்து போகட்டும் என்பதே. இன்று குளம் இல்லாதவர்கள், அறுத்த உடன் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் பலகையை ஊறவைக்கலாம். ஈர மரத்தில்தான் அது உள்ளே இறங்கும். காய்ந்தபின் மேலே பூசினால் பெயருக்குத்தான். சூளையில் நடுமரம்வரை 56 பாகை செல்சியஸ் சூடு அரை மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கும் புழு சாகும். ஆனால் அது அன்றிருந்த புழுவுக்கு மட்டும். மறுபடி முட்டையிடாமல் தடுக்க வெள்ளைப் பகுதியில் போரான் இருக்க வேண்டும், அல்லது பாலிஷ் ஓட்டையில்லாமல் மூடியிருக்க வேண்டும், அடிப்பக்கம் உட்பட.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு ஏற்ற மரம் நம்மிடம் விறகாகப் போகிறது என்பதுதான் எங்கள் ஆற்றாமை. சாலை அகலப்படுத்த வெட்டும் தூங்குமூஞ்சியை லாரிக்கு வசதியாக 3, 4 அடித் துண்டாக அறுத்துவிட்டால் அதன்பின் அது மேசைக்கு ஆகாது. அடிமரத்தை 8 அடிக்குக் குறையாமல் விட்டு, முனைக்கு மெழுகு பூசி ஏலம் விட்டால் அரசுக்கும் கூடுதல் விலை கிடைக்கும். சீமைக் கருவேலத்தைக் கரிக்கு எரிக்கிறோம். அதற்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தில் டெக்சாஸிலும் அரிசோனாவிலும் உயர்ந்த விலைக்கு ஃபர்னிச்சர் செய்கிறார்கள். காரணம், அது மிகக் குறைவாகவே சுருங்கும். நம் ஊர்க் கட்டைகள் கோணலாகவும் சிறியதாகவும் இருக்கும் என்பது உண்மை. 8 அடி மேசை வராது. கிண்ணம், முக்காலிக் கால், நாற்காலிக் குறுக்குச் சட்டம், சிறு சிற்பம் எல்லாம் தாராளமாக வரும். மாமரத்துக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வெட்டிய கட்டையை மழையில் போட்டுவைத்தால் வெள்ளையெல்லாம் நீலமும் கறுப்புமாகக் கறை பிடிக்கும். வெட்டிய வாரத்திலேயே அறுத்து அடுக்கிவிட வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, எங்கள் வேண்டுகோள் பெரியதல்ல. அடுத்த முறை இப்படியொரு மேசையையோ நாற்காலியையோ பற்றி எழுதும்போது, வடிவமைத்தவர் பெயரோடு உளி பிடித்தவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். என்ன மரம், அறுத்த மாதம், இழைத்த அன்று ஈரம் எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் படத்தின் கீழே போடுங்கள். சொல்ல மறுப்பவரின் படத்தைத் தள்ளிவைக்கலாம். இரண்டு பேராகச் சேர்ந்து மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். நீள்துளை இருக்கிறதா, பாலிஷ் கீழேயும் போயிருக்கிறதா, வெள்ளை ஓரத்தில் குண்டூசி முனை அளவில் ஓட்டைகளும் கீழே மாவும் இருக்கின்றனவா என்பது அந்தப் படத்தில் தெரியும். கவிழ்க்கும்போது தரையில் கனமான துணி விரித்துக்கொள்ளுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பட்டையோடு விட்ட ஓரமானால் கையோடு வந்துவிடும்.

இப்படிக்கு,
மரச்சிற்பமும் அறைகலனும் செய்யும் வாசகர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.